‘பக்தியார்’ பாரசீகப் பெயரா, துருக்கியப் பெயரா?

கேள்வி இதுதான். தம்பி கிர்கிஸ்தானில் ஓஷ் நகரத்தில் மருத்துவம் படிக்கிறான். அவன் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்காரர் பெயர் பக்தியார், அவர் உஸ்பெக். வகுப்பில் கூடப் படிக்கும் கசாக் பையனுக்கு அதே பெயர் குடும்பப் பெயராக, பக்தியாரோவ் என்று இருக்கிறது. தேடிப் பார்த்தால் பாரசீகப் பெயர் என்று வருகிறது. உஸ்பெக், கசாக் எல்லாம் துருக்கிய இனங்கள்தானே, அவர்களுக்கு எதற்குப் பாரசீகப் பெயர்? இது முன்பெயரா, குடும்பப் பெயரா? நண்பர்கள் வேறு ‘பாரதியார் மாதிரி பக்தியார்’ என்று கிண்டல் செய்கிறார்களாம், அதில் ஏதாவது விஷயம் உண்டா?

கடைசியில் கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன், இருப்பதிலேயே நல்ல கேள்வி அதுதான். கிண்டலில் பாதி உண்மை. ‘பக்தி’ சரி, ‘யார்’ தப்பு.

பக்தியார் என்பது பக்த், யார் என்ற இரண்டு பாரசீகச் சொற்கள் சேர்ந்தது. பக்த் என்றால் ஒருவனுக்கு வாய்த்த பங்கு, அதாவது விதி, யோகம், அதிர்ஷ்டம். யார் என்றால் தோழன், துணை, உதவிக்கு வருகிறவன். இந்திப் பாட்டில் மூச்சுக்கு மூச்சு வருகிறதே, அதே ‘யார்’தான். யோகம் எவனுக்குத் துணையாக நிற்கிறதோ அவன் பக்தியார். தமிழில் ஒரே சொல்லில் சொல்லச் சொன்னால் பாக்கியசாலி என்பேன்.

பாக்கியசாலி என்று வேண்டுமென்றேதான் போட்டேன். பாரசீகமும் சமஸ்கிருதமும் பங்காளி மொழிகள். சமஸ்கிருதத்தில் ‘பஜ்’ என்றொரு வேர் இருக்கிறது, பங்கிடு, பங்கு பெறு என்று பொருள். அதிலிருந்து வந்தவைதான் பாகம், பாக்கியம், பகவான், பக்தன், பக்தி எல்லாம். உனக்கென்று ஒதுக்கப்பட்ட பங்கு பாக்கியம், பங்கைத் தருகிறவர் பகவான், அவரோடு பங்கு கொள்கிறவன் பக்தன். ஈரானியப் பக்கத்தில் இதே வேர் ‘பக்’ என்று நின்றது. பழைய ஈரானிய வேதமான அவெஸ்தாவின் மொழியில் ‘பக்த’ என்றால் பங்கிடப்பட்டது, விதிக்கப்பட்டது. அதுதான் தேய்ந்து பாரசீகத்தில் பக்த் ஆனது. ஆக, பக்தியும் பக்த்தும் ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள். ஒன்று கோயிலுக்குப் போனது, இன்னொன்று ஜாதகம் பார்க்கப் போனது.

இன்னும் ஒரு படி போனால் சமையலறைக்கே வந்துவிடலாம். சமஸ்கிருத ‘பக்த’ என்ற சொல்லுக்குப் பங்கிட்டுக் கொடுத்த உணவு, சோறு என்றும் பொருள் உண்டு. வட இந்தியாவில் அது ‘பாத்’ ஆகி, மராட்டி, கன்னடம் வழியாக நம் ஊர் ஓட்டல் பலகைக்கு வாங்கிபாத், பிசிபேளாபாத், பகாளாபாத் என்று வந்து சேர்ந்தது. பகாளாபாத்தின் பின்பாதியும் பக்தியாரின் முன்பாதியும் உறவு என்றால் சிரிக்கத்தான் செய்வார்கள், ஆனால் உறவுதான். (இதைப் படித்துவிட்டு உடனே ‘பகு, பகுதி’ என்று தமிழ் வேருக்கு முடிச்சுப் போடக் கிளம்பிவிட வேண்டாம். பகு என்பது தனித் திராவிட வினை, ஒலி ஒத்துப்போவது தற்செயல். அந்த ஆட்டத்தை ஆரம்பித்தால் உலகத்தில் எல்லாச் சொல்லும் தமிழ்தான்.)

‘யார்’ விஷயத்தில் அந்த உறவு கிடையாது. பாரதியார், நாச்சியார், அடியார் என்பதில் வருவது நம் மரியாதை விகுதி, அதற்கும் பாரசீகத் தோழனுக்கும் சம்பந்தமே இல்லை.

‘யார்’ என்று முடிகிற எல்லாப் பெயரிலும் தோழன் இருப்பதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பெயர்ப் பட்டியல் போடும் தளங்கள் பலவும் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. குதாயார், அல்லாயார் என்றால் இறைவனின் தோழன், சரி. ஓஷ் நகரமும் சேர்ந்திருந்த கோகந்த் நாட்டை 19ஆம் நூற்றாண்டில் ஆண்டவர் பெயர் குதாயார் கான். ஆனால் ஷாரியார் என்பது ‘ஷார்’ என்பவரின் தோழன் இல்லை. ஆட்சியைத் தாங்குபவன் என்று பொருள்படும் பழைய ஈரானியச் சொல் தேய்ந்து தேய்ந்து அப்படி ஆனது. நம்மூர் ஜமீன்தார், தாசில்தார், ஹவில்தாரில் இருக்கும் ‘தார்’தான் அங்கே உருமாறிக் கிடக்கிறது. இஸ்பந்தியார் இன்னும் மோசம், ‘புனிதத்தால் கொடுக்கப்பட்டவன்’ என்ற அவெஸ்தாப் பெயரின் கடைசி ஒலி மாறிப்போய் ‘யார்’ மாதிரி நிற்கிறது. பார்வைக்கு மூன்றும் ஒன்று, பிறப்பு வேறு வேறு.

சரி, துருக்கிய இனங்களுக்கு இந்தப் பெயர் எப்படிப் போனது?

இந்தக் கேள்விக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: பெயர் எந்த மொழியோ, ஆள் அந்த இனம். நமக்கே அது பொருந்தாதே. ராஜேஷ், சுரேஷ், பாக்கியலட்சுமி என்று வீட்டுக்கு வீடு சமஸ்கிருதப் பெயர்தான், வைத்திருப்பவர்கள் தமிழர்கள்தான். அங்கே சமஸ்கிருதத்தின் இடத்தில் பாரசீகம் இருந்தது என்று வைத்துக்கொண்டால் முக்கால்வாசி புரிந்துவிடும்.

11ஆம் நூற்றாண்டில் செல்ஜுக் துருக்கியர்கள் ஈரானைப் பிடித்தார்கள். வாள் துருக்கியருடையது, கணக்குப் புத்தகம் பாரசீகருடையது. எழுத்தர், அமைச்சர், கவிஞர் என்று அரண்மனையில் பேனா பிடித்தவர்கள் பெரும்பாலும் பாரசீக மொழிக்காரர்கள். முதல் தலைமுறை சுல்தான்களின் பெயர்களைப் பாருங்கள், துக்ரில், ஆல்ப் அர்ஸ்லான், சுத்தத் துருக்கியம். அனத்தோலியாவை ஆண்ட கிளையில் கிலிஜ் அர்ஸ்லான்களுக்கு (வாள் சிங்கம் என்று பொருள்) அப்புறம் கைகுஸ்ரவ், கைகாவுஸ், கைகுபாத் என்று வரிசையாக வருகிறது. மூன்றுமே பிர்தவுசி பாடிய பாரசீகக் காவியமான ஷாநாமாவில் வரும் பழைய ஈரானிய மன்னர்களின் பெயர்கள். டெல்லியிலும் அதே கதை. துருக்கியரான சுல்தான் பால்பனின் பேரன் பெயர் கைகுபாத்.

இதில் எனக்கு எப்போதும் வேடிக்கையாகப் படுவது ருஸ்தம். ஷாநாமாவில் ஈரானின் எதிரி நாடு தூரான், அதைத் துருக்கியர் நாடு என்றே அதில் பாடியிருக்கிறார் பிர்தவுசி. தூரான் படையை ஆயுள் முழுக்க அடித்து நொறுக்கிய ஈரானிய வீரன் ருஸ்தம். அந்தப் பெயரைத் துருக்கியர்கள் வைத்துக்கொள்வார்களா? வைத்துக்கொண்டார்கள், அதுவும் ஆசை ஆசையாக. இன்று உஸ்பெக், தாதார், அசர்பைஜானியர் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு ருஸ்தம் இருப்பார். ரஷ்யாவுக்குள் இருக்கும் தாதார்ஸ்தான் குடியரசின் தலைவர் பெயர் ருஸ்தம் மின்னிகானோவ். நம் ஆட்களுக்கு நன்றாகத் தெரிந்தவர் ருஸ்தம் காசிம்ஜானோவ், 2004இல் ஃபிடே உலகச் சதுரங்கப் பட்டம் வென்ற உஸ்பெக்காரர், பிறகு விஸ்வநாதன் ஆனந்தின் உலகப் பட்டப் போட்டிகளுக்கு உதவியாளராக இருந்தவர். அவர் பெயரைப் பிரித்துப் பாருங்கள். ருஸ்தம் பாரசீகம், காசிம் அரபி, ஜான் பாரசீகம், ஓவ் ரஷ்யன். துருக்கிய மொழி பேசுகிற நாட்டவரின் பெயரில் துருக்கியச் சொல் ஒன்றுகூட இல்லை! அவர் உஸ்பெக் இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா?

ஒரு நியாயம், இது ஒருவழிப் பாதை இல்லை. ‘பகதூர்’ துருக்கிய, மங்கோலியப் புல்வெளியில் பிறந்து, பாரசீகத்துக்குள் போய், முகலாயர் வழியாக இங்கே வந்து ராவ் பகதூர், திவான் பகதூர் என்று பட்டமாக உட்கார்ந்தது. கான், பேகம் இரண்டும் துருக்கியத்திலிருந்து வந்தவை. தைமூர் என்றால் துருக்கியத்தில் இரும்பு. அந்தத் தைமூர் தன் மகனுக்கு வைத்த பெயர் ஷாருக், பாரசீகம். சதுரங்கத்தில் ராஜாவுக்கும் யானைக்கும் சேர்த்து முற்றுகை வைக்கும் நகர்வுக்கு அப்படிப் பெயர், தைமூர் அப்படி ஓர் ஆட்டத்தில் இருந்தபோது மகன் பிறந்த செய்தி வந்ததாகக் கதை சொல்வார்கள். இன்றைய ஷாருக் கானின் பெயரில் முன்பாதி பாரசீகம், பின்பாதி துருக்கியம். 1514இல் சால்திரானில் மோதிக்கொண்ட இரண்டு பேரையும் எடுத்துக்கொள்ளுங்களேன். உஸ்மானிய சுல்தான் சலீம் கவிதை எழுதியது பாரசீகத்தில், ஈரானின் ஷா இஸ்மாயில் எழுதியது துருக்கியத்தில். இவ்வளவு குழம்பிக் கலந்த இடத்தில் போய் ஒரு பெயரைப் பிடித்து ‘நீ எந்த ஊர்’ என்று கேட்டால் அது என்ன பதில் சொல்லும்?

பக்தியாருக்கு வருவோம். துருக்கியர்களிடம் அதிர்ஷ்டத்துக்குச் சொந்தச் சொல் இல்லாமல் இல்லை, ‘குத்’ என்று பழைய சொல் உண்டு, அதிலிருந்து குத்லுக் என்று ககான்களே (துருக்கியப் பேரரசர்கள்) பெயர் வைத்திருந்திருக்கிறார்கள். இருந்தும் பக்த் உள்ளே வந்து, பெயராக மட்டும் நிற்காமல் அன்றாடச் சொல்லாகவே ஆகிவிட்டது, பல மொழிகளில் சந்தோஷம் என்பதற்கே இதுதான் சொல். உஸ்பெக்கில் பக்த் என்றால் மகிழ்ச்சி. கல்யாணப் பதிவு செய்யும் இடத்துக்கு ‘பக்த் உயி’ என்று பெயர், மகிழ்ச்சி இல்லம். உய் என்ற வீடு துருக்கியம், உள்ளே குடியிருக்கும் பக்த் பாரசீகம். துருக்கி நாட்டு மொழியில் ‘கரா பக்த்’ என்றால் கருப்பு விதி, கரா துருக்கியம், பக்த் பாரசீகம். ‘பக்த்சிஸ்’ என்றால் அதிர்ஷ்டமில்லாதவன், அதிலும் வால் துருக்கியம். இப்படி வீட்டுப் பிள்ளை மாதிரி வளைந்து கொடுக்கும் ஒரு சொல்லை ‘இரவல்’ என்று பேசுகிறவனே உணர்வதில்லை. பாக்கியம் பாட்டியை யாராவது வடமொழிப் பாட்டி என்று நினைக்கிறோமா?

ஒவ்வொரு மொழியும் தன் நாக்குக்கு ஏற்றபடி பெயரைத் திருப்பிக்கொண்டது. பாரசீகத்தில் அந்தக் ககரம் தொண்டையில் உரசும், நாம் ‘மகன்’ என்று சொல்லும்போது வருகிற ககரத்தை இன்னும் கொஞ்சம் கரகரப்பாக்கினால் கிட்டத்தட்ட வந்துவிடும். துருக்கியில் உரசல் குறைந்து பஹ்தியார். உஸ்பெக்கில் நெடில் ஆகாரம் ஓகாரம் பக்கம் சாயும், அதனால் பக்தியோர். தாஜிக்கிலும் அப்படித்தான், தாஜிக் பாரசீகத்தின் கிளைமொழி, துருக்கியம் இல்லை. அசர்பைஜானிலும் உய்குரிலும் முதல் எழுத்து ‘பெ’ பக்கம் போகும். துர்க்மெனில் ககரம் மெலிந்து ஒலிக்கும். துர்க்மெனிஸ்தான் தலைநகர் அஷ்காபாத்தின் வட்டங்களில் ஒன்றுக்குப் பக்தியார்லிக் என்றே பெயர், பாக்கியம் நிறைந்த நிலை என்று சொல்லலாம். கசாக், கிர்கிஸ்காரர்கள் அந்த உரசலை அடித்தொண்டைக் ககரமாக்கிவிட்டார்கள். பக்த் என்று இரண்டு மெய்யில் முடிவதும் அவர்கள் நாக்குக்கு ஒத்துவரவில்லை, நடுவில் ஓர் உயிரைச் செருகி ‘பகித்’ என்றார்கள். ரத்ன என்பதை நாம் இரத்தினம் ஆக்கிக்கொண்டோமே, அதே வைத்தியம். அதனால்தான் பகித், பகித்ஜான், பகித்குல் என்று கசாக் பெயர்கள் குவிந்து கிடக்கின்றன. எல்லாம் பக்தியாரின் உறவுக்காரர்கள்.

நான் அல்மாட்டியில் சில வருஷம் வேலை பார்த்தவன். எங்கள் தளத்தில் ஒரு பக்தியார், ஒரு பகித்ஜான். செல்லமாகக் கூப்பிட்டால் இரண்டு பேருமே ‘பாகா’. சாப்பாட்டு நேரத்தில் யாராவது பாகா என்று குரல் கொடுத்தால் இரண்டு தலை திரும்பும், ‘எந்தப் பாகா’ என்ற கேள்வி தினமும் ஒரு முறையாவது வரும். கடைசியில் நெட்டைப் பாகா, கார் பாகா என்று பிரித்துக்கொண்டோம். (ஒன்று தம்பிக்குச் சொல்லி வையுங்கள்: உஸ்பெக்காரர் வீட்டில் வீட்டுக்காரரை ‘பக்தியோர் அகா’ என்று கூப்பிடுவார்கள். அகா என்றால் அண்ணன். நம் காதில் அக்கா மாதிரி விழும், சிரித்துத் தொலைக்கக் கூடாது. அக்காவுக்கு அங்கே ‘ஒப்பா’.)

முன்பெயரா, குடும்பப் பெயரா என்பதற்கு வருகிறேன். அடிப்படையில் அது ஆளுக்கு வைக்கும் பெயர். குடும்பப் பெயராக ஆனது பிற்பாடு, பல இடங்களில் அரசாங்கம் கேட்டதால் ஆனது.

ரஷ்யப் பேரரசும் பின்னால் சோவியத்தும் ஆண்ட பகுதிகளில் குடும்பப் பெயர் என்ற பழக்கம் பெரும்பாலான மக்களிடம் இல்லை. ‘இன்னாரின் மகன் இன்னார்’, அவ்வளவுதான், நம்மைப் போல. பதிவேட்டில் எழுதும்போது அப்பா பெயரையோ தாத்தா பெயரையோ எடுத்து ஓவ் சேர்த்தார்கள், பக்தியாரின் பிள்ளைகள் பக்தியாரோவ் ஆனார்கள், பெண் என்றால் பக்தியாரோவா. அது அப்படியே உறைந்துவிட்டது. நம் ஊரில் இனிஷியல் தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டே இருக்கும், ஒரு நாள் அரசாங்கம் வந்து ‘இன்று இருக்கிற இனிஷியல்தான் இனி பேரன் கொள்ளுப்பேரனுக்கும்’ என்று பூட்டுப் போட்டால் எப்படி இருக்கும், அதுதான் நடந்தது. உங்கள் தம்பியின் கசாக் நண்பன் வீட்டில் மூன்று நான்கு தலைமுறைக்கு முன் பக்தியார் என்று ஒரு தாத்தா இருந்திருப்பார், அநேகமாக யாராவது அவர் பெயரைச் சொல்லவும் செய்வார்கள்.

சோவியத் உடைந்த பின் ஓவ் உதிர ஆரம்பித்தது. அசர்பைஜானில் சிலர் அதை வெட்டிவிட்டு ‘லி’ என்ற துருக்கிய விகுதியோ, ‘ஸாதே’ என்ற பாரசீக விகுதியோ போட்டுக்கொள்கிறார்கள். கசாக்கில் ‘உலி’ (மகன்), ‘கிஸி’ (மகள்), கிர்கிஸில் ‘உலு’, ‘கிஸி’. தாஜிகிஸ்தானில் அதிபரே 2007இல் ரஹ்மோனோவ் என்பதிலிருந்து ஓவை நறுக்கி ரஹ்மோன் ஆனார். துருக்கி நாட்டுக் கதை தனி. அங்கே 1934இல் சட்டம் போட்டு எல்லோரும் குடும்பப் பெயர் எடுத்தாக வேண்டும் என்றார்கள். ஓவ், யான் மாதிரி வேற்று மொழி வால்களுக்குத் தடை, பாரசீக ‘ஸாதே’க்கும் தடை. ஆனால் பஹ்தியார் என்ற முழுப் பாரசீகச் சொல்லைக் குடும்பப் பெயராக வைத்துக்கொள்வதில் யாருக்கும் பிரச்சினை வரவில்லை. வாலுக்குத்தான் கத்தரி, தலைக்கு இல்லை.

ரஷ்யப் படிவங்களில் மூன்று கட்டம் இருக்கும்: குடும்பப் பெயர், பெயர், தந்தைவழிப் பெயர். நான் முதன்முதலாக அதைப் பூர்த்தி செய்தபோது அப்பா பெயரை முதல் கட்டத்திலும் மூன்றாவது கட்டத்திலும் எழுதினேன், கவுண்டரில் இருந்த அம்மாள் இரண்டு தடவை என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு மூன்றாவதை அடித்துவிட்டார். பக்கத்தில் நின்ற கார் பாகா, ‘எங்கள் தாத்தாவுக்கும் இதே திண்டாட்டம்தான், அவருக்கு மட்டும் யாரும் அடித்துக்கொடுக்கவில்லை’ என்றார். அவர் குடும்பப் பெயரும் தந்தைவழிப் பெயரும் ஒரே ஆளின் பெயராகத் தாத்தா காலத்துப் பத்திரங்களில் பதிவாகிக் கிடந்ததாம்.

பழைய காலத்துப் பக்தியார்களிலும் இந்தக் குழப்பம் உண்டு. வங்காளத்தின் நதியா நகரத்தை 13ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் லட்சுமண சேனனிடமிருந்து பிடித்தவரைப் பாடப் புத்தகத்தில் பக்தியார் கில்ஜி என்றே படித்திருப்போம். பதினெட்டுக் குதிரை வீரர்களோடு வியாபாரி மாதிரி ஊருக்குள் நுழைந்தார் என்ற கதை அவருடையதுதான். முழுப்பெயர் இக்தியாருத்தீன் முகம்மது பக்தியார் கில்ஜி. பாரசீகத்தில் ‘முகம்மது-இ-பக்தியார்’ என்று படித்தால் பக்தியாரின் மகன் முகம்மது என்று பொருள் வரும், வரலாற்றாசிரியர்கள் பலர் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியானால் ஆள் பெயர் முகம்மது, பக்தியார் அவருடைய அப்பா. எண்ணூறு வருஷமாக நாம் அவரை இனிஷியலைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்! இக்தியார் என்பதிலும் ‘யார்’ காதில் விழுகிறது, ஆனால் அது அரபி, தேர்வு என்று பொருள், தோழன் அங்கே இல்லை. கில்ஜிகள் மூலத்தில் துருக்கிய இனம் என்பதும் பின்னால் ஆப்கானியரோடு கலந்துவிட்டார்கள் என்பதும் பொதுவான கருத்து. இன்னும் சுமார் நூறு வருஷம் கழித்து, டெல்லியில் இன்னொரு கில்ஜி குடும்பம் ஆண்டபோதுதான் மாலிக் கபூர் மதுரை வரை வந்தார்.

அதற்கும் முன்னால் போனால் பாக்தாதில் 967 முதல் 978 வரை ஆண்ட பூயித் வம்சத்து அமீர் ஒருவர் பெயரும் பக்தியார். அவர் தைலமியர், அதாவது ஈரானியர். அவருக்கு எதிராகக் கலகம் செய்தது அவருடைய துருக்கியப் படைவீரர்கள். தோற்று, கடைசியில் சொந்தப் பெரியப்பா சித்தப்பா வழிச் சகோதரன் கையில் உயிர்விட்டார். பாக்கியசாலி என்று பெயர் வைத்தால் மட்டும் போதாது போல.

ஈரானிலேயே பக்தியாரி என்று ஒரு பெரிய பழங்குடி உண்டு, அவர்கள் லூர் இனம், பேசுவது ஈரானிய மொழி, துருக்கியத் தொடர்பு கிடையாது. ஷாவின் கடைசிப் பிரதமர் ஷாபூர் பக்தியார் அந்தக் குடியைச் சேர்ந்தவர், 1979 ஜனவரியில் பதவிக்கு வந்து பிப்ரவரியில் புரட்சியோடு போனார். அதே குடியில் இன்னொருவர் தைமூர் பக்தியார், சவாக் உளவுத்துறையின் முதல் தலைவர். அந்தப் பெயரைக் கவனியுங்கள், துருக்கியனே இல்லாத ஈரானியருக்கு முன்பெயர் துருக்கிய ‘இரும்பு’, குடும்பப் பெயர் பாரசீக ‘பாக்கியசாலி’. மறுபக்கம், 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 69 கிலோ குத்துச்சண்டையில் தங்கமும், அந்த ஒலிம்பிக்கின் சிறந்த குத்துச்சண்டை வீரருக்கான வால் பார்க்கர் கோப்பையும் வாங்கியவர் பக்தியார் அர்தாயேவ், கசாக். அசர்பைஜானின் பெரிய கவிஞர்களில் ஒருவர் பக்தியார் வஹாப்ஸாதே, 1925இல் ஷெக்கியில் பிறந்தவர். பெயர் பாரசீகம், வஹாப் அரபி, ஸாதே பாரசீகம், எழுதியது துருக்கியக் குடும்பத்து மொழியான அசர்பைஜானியில்.

ஆகவே பக்தியார் என்ற பெயரை மட்டும் வைத்து ஆள் துருக்கியரா, ஈரானியரா, தாஜிக்கா என்று சொல்லவே முடியாது. எழுத்தைப் பார்த்தால் கொஞ்சம் தடயம் கிடைக்கும். வீட்டுக்காரர் பெயர் உஸ்பெக் முறைப்படி எழுதப்பட்டிருந்தால் கடைசிப் பகுதியில் ‘யோ’ இருக்கும், ரஷ்ய முறைப்படி எழுதியிருந்தால் ‘யா’. கிர்கிஸ் முறை என்றால் நடுவில் உரசாத ககரத்துக்கான எழுத்து. ஓஷில் உஸ்பெக்குகளும் கிர்கிஸ்காரர்களும் கலந்தே வாழ்கிறார்கள், பத்திரங்கள் ரஷ்ய மொழியிலும் இருக்கும், அதனால் வாடகை ஒப்பந்தத்தில் ஒரு மாதிரியும் வாசல் மணிக்குப் பக்கத்தில் வேறு மாதிரியும் இருந்தால் பயப்பட வேண்டாம், ஒரே ஆள்தான்.

ஓஷ் என்று நீங்கள் சொன்னதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது வேறொரு பக்தியார். டெல்லி மெஹ்ரோலியில், குதுப்மினாருக்குக் கொஞ்ச தூரத்தில், ஒரு பழைய தர்கா இருக்கிறது. குத்புத்தீன் பக்தியார் காக்கி என்ற சூஃபி ஞானியின் அடக்கம், 1235இல் மறைந்தவர். அஜ்மீர் முயீனுத்தீன் சிஷ்தியின் சீடர், பாபா ஃபரீதின் குரு. காக் என்பது ஒரு வகை ரொட்டி, வறுமையில் அவர் வீட்டுக்கு ரொட்டி அற்புதமாக வந்துகொண்டிருந்ததாகச் சொல்வதால் காக்கி. 1948 ஜனவரி 27ஆம் தேதி, பிரிவினைக் கலவரத்தில் சேதப்பட்டிருந்த அந்தத் தர்காவுக்குக் காந்தி போனார், இறப்பதற்கு மூன்று நாள் முன்னால். அந்த ஞானி பிறந்த ஊர் ஓஷ். விடுமுறைக்குத் தம்பி டெல்லி வழியாக வந்தால், விமானத்துக்கு நடுவில் அரை நாள் கிடைத்தால் ஒரு நடை போய்விட்டு, படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பச் சொல்லுங்கள். பக்தியோர் அகா நிச்சயம் பதில் போடுவார்.